நிலவுக்குப் போன மின்கலம்: யார் இந்த பிரான்சிஸ் தாமஸ் பேக்கன்?

சிவகாசிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. துளி மருந்து திறந்த இடத்தில் 'புஸ்'ஸென எரிந்துபோகும். அதையே அடைத்து, சணலை இறுக்கிச் சுற்றினால் அணுகுண்டு. வித்தியாசம் அழுத்தம்தான். அந்த அழுத்தத்தை வைத்து, ஹைட்ரஜனை வெடிக்கவிடாமல் மின்சாரம் எடுக்க ஆயுசைச் செலவிட்டவர் பிரிட்டிஷ் பொறியாளர் பேக்கன்.

வேலையா, ஆராய்ச்சியா?

1904-ல் எசெக்ஸில் பிறந்த பேக்கன், கேம்பிரிட்ஜில் இயந்திரவியல் படித்துவிட்டு நியூகாசிலில் டர்பைன் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரமும் தண்ணீரும் தரும் ஃபியூயல் செல், வில்லியம் குரோவ் காலத்திலேயே, அதாவது சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த விஷயம். ஆனா அதை வேலைக்கு ஆகும் கருவியாக யாரும் மாற்றவில்லை. பேக்கன் அதை நிர்வாகத்துக்குத் தெரியாமல் சோதித்துப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும், சோதனையை நிறுத்து, இல்லையென்றால் கிளம்பு என்றார்கள். 1940-ல் கிளம்பிவிட்டார்.

அழுத்தம் எதற்கு?

விலை உயர்ந்த பிளாட்டினத்துக்குப் பதில் நிக்கல், அமிலத்துக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். இதுதான் அவர் வழி. நிக்கல் வேகமாக வேலை செய்ய சுமார் 200 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டில் கரைசல் கொதித்துவிடும். குக்கரில் நடப்பதுபோல, அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். கூடவே வாயு நெருக்கமாவதால் மின்னழுத்தமும் கொஞ்சம் கூடும்.

சிக்கலும் அங்கேதான். நிக்கல் தகட்டின் நுண்துளைகளில் வாயு அழுத்தம் அளவுக்கு மீறினால் கரைசலுக்குள் குமிழியிடும். குறைந்தால் கரைசல் வாயுப் பக்கம் புகுந்துவிடும். ஒரு பக்கம் பெரிய துளை, மறுபக்கம் சின்னத் துளை எனத் தகட்டை இரண்டு அடுக்காகச் செய்து அதைச் சமாளித்தார்.

1959-ல் வென்றார்

வளிமண்டலத்தைப்போல 25 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், 40 செல்கள் கொண்ட 5 கிலோவாட் மின்கலத்தை அந்த ஆண்டு கேம்பிரிட்ஜில் இயக்கிக் காட்டினார். வெல்டிங், ரம்பம், ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் அதில் ஓடின.

அப்பல்லோவுக்காக இதை எடுத்துக்கொண்ட அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி, அழுத்தத்தைச் சுமார் 4 மடங்காகக் குறைத்தது. கனமான கலன் விண்கலத்துக்கு ஆகாதே! பதிலாக, கொதிக்காமலிருக்க கரைசலை அடர்த்தியாக்கினார்கள். 1969-ல் நிலவுக்குப் போனவர்களுக்கு மின்சாரமும் குடிநீரும் கொடுத்தது அதுதான். ஆம்ஸ்ட்ராங் குழுவினர் கையெழுத்திட்ட புகைப்படம் பேக்கனுக்குப் பரிசாக வந்தது. 1992-ல் காலமானார்.

இன்றைக்கும் அதே கணக்கு

2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப்-ல் ஹைட்ரஜன் ரயில் பெட்டி சோதிக்கப்பட்டது. இன்றைய வாகன ஃபியூயல் செல்கள் பெரும்பாலும் 3 மடங்கு அழுத்தத்தைத் தாண்டுவதில்லை. அழுத்தம் ஏற்றினால் திறன் கூடும். ஆனா காற்றை அமுக்கும் கம்ப்ரசரே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எவ்வளவு இறுக்கினால் போதும் என்பதுதான் பேக்கனுக்கு இருந்த கேள்வி, இப்போதும் இருக்கும் கேள்வி.