கூரத்தாழ்வானின் இல்லறம்

உற்சவத்திற்கு எழுந்தருளியுள்ள அன்பர்கள் பெருமாள் பிரசாதத்தைக் கையில் ஏந்தும்போது கூரத்தாழ்வானை ஒருமுறை நினைத்தல் தகும். மனைவி மக்களோடு வாழ்ந்தே துறவியரும் வியக்க நின்ற மகான் அவர்.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில், 1010ஆம் ஆண்டு, சௌமிய வருடம் தை ஹஸ்தத்தில் அவதரித்தார். இயற்பெயர் ஸ்ரீவத்ஸாங்கர். பெருஞ்செல்வர். பொழுது விடிந்தது முதல் இரவு வரை ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் அன்னமிடுவதே அவருடைய திருமாளிகையின் வழக்கம். அன்னமிட்டு முடித்து ஓரிரவு வாசற்கதவைச் சாத்திய ஓசை காஞ்சிக் கோயில் வரை கேட்டதென்றும், அதென்ன ஓசையென்று பெருந்தேவித் தாயார் வினவியருளியதென்றும் குருபரம்பரை கூறும். அச்செய்தி திருக்கச்சி நம்பிகள் வாயிலாக எட்டியபோது ஆழ்வான் மகிழவில்லை. தம் செல்வம் இத்தனை ஆரவாரம் செய்கிறதே என்று நாணினார். உள்ளதனைத்தையும் வழங்கிவிட்டு, தேவியார் ஆண்டாளுடன் உடையவர் திருவடி தேடித் திருவரங்கம் புறப்பட்டார்.

காட்டுவழியில் அம்மையார் அஞ்சினார். மடியில் பொருள் இருந்தாலன்றோ பயம் என்றார் ஆழ்வான். கணவர் அமுது செய்வதற்கென ஒரு பொன்வட்டிலை மட்டும் எடுத்து வந்ததை அம்மையார் ஒப்புக்கொள்ள, அதையும் வாங்கி எறிந்துவிட்டு நடந்தார்.

அரங்கத்தில் அன்றாடம் உஞ்சவிருத்தியே பிழைப்பு. ஒருநாள் விடாமழை. வெளியே செல்ல இயலாமல் இருவரும் பட்டினி. ஆழ்வானுக்கு அது நினைவிலேயே இல்லை. இரவில் பெருமாள் அரவணை அமுது செய்யும் மணியோசை கேட்டது. உம் அடியார் பட்டினி கிடக்க நீர் அமுது செய்கின்றீரே என்று அம்மையார் நெஞ்சுக்குள் நினைத்தார். சற்று நேரத்தில் வாத்தியங்களுடன் பிரசாதம் வாசலுக்கே வந்துவிட்டது! ஆழ்வான் திடுக்கிட்டார். நடந்ததை விசாரித்தறிந்து, பெருமாளுக்குச் சிரமம் தரலாமோ என வருந்தி, இரண்டு பிடி மட்டுமே ஏற்றார். அம்மையார் நினைத்ததில் பிழையேதும் இருப்பதாக அடியேனுக்குத் தோன்றவில்லை. அப்பிரசாதத்தின் பயனாகவே பராசர பட்டரும் வேதவியாச பட்டரும் தோன்றினர் என்பர். சகஸ்ரநாமத்திற்குப் பின்னாளில் பாஷ்யம் அருளியவர் இப்பராசர பட்டரே.

ஸ்ரீபாஷ்யம் எழுந்தபோது உடையவர் சொல்லச் சொல்ல ஏடெழுதிய பெருமை ஆழ்வானுடையது.

பின்னர் சோழ மன்னன் உடையவரை அழைத்துவர ஆளனுப்பினான். ஆசாரியனுக்கு ஆபத்தென்று உணர்ந்து, அவருடைய காஷாயத்தைத் தாம் உடுத்து, முதியவரான பெரிய நம்பிகளுடன் ஆழ்வான் சென்றார். கண்களை இழந்து மீண்டார். நம்பிகளோ வழியிலேயே திருநாடு எழுந்தருளினார். அரங்கம் திரும்பினால், உடையவர் சம்பந்தமுள்ளோர் கோயிலுள் புகலாகாதென்று தடை. ஆழ்வான் நல்லவர், அவர் புகலாம் என்றனர் காவலர். ஆசாரிய சம்பந்தத்தை விலக்கிக் கிடைக்கும் தரிசனம் வேண்டாவென்று, குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலை சென்று தங்கினார்.

ஆண்டுகள் பல கழித்து மேல்நாட்டிலிருந்து மீண்ட உடையவர், காஞ்சி வரதனிடம் கண்களை வேண்டுமாறு ஆணையிட்டார். ஆழ்வான் ஸ்தோத்திரம் செய்தார். பெருமாள் வேண்டியதைக் கேள் என்றருளினார். தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்றார் ஆழ்வான். யார் இந்த நாலூரான்? ஆழ்வானிடம் பயின்ற சீடன். மன்னனைத் தூண்டி அத்தனை துன்பத்திற்கும் காரணமானவன். வரதன் இசைந்தான். கண் கேட்கவில்லையே என்று உடையவர் வருந்தினாலும், அவ்வருளைக் கேட்டு உள்ளம் குளிர்ந்தார்.

முடிவில் அரங்கனிடம் விடைபெற்று, உடையவருக்கு முன்னரே ஆழ்வான் பரமபதம் அடைந்தார். இவ்வளவு விரைவு ஏனென்று ஆசாரியன் கலங்கிக் கேட்டபோது, அங்கே தேவரீர் எழுந்தருளும்போது எதிர்கொண்டு அழைக்க அடியேன் முன்சென்றிருக்க வேண்டாவோ என்று விண்ணப்பித்தாராம்.