டாக்டர் பால் பிராண்டு

கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு ஆங்கில மிஷனரிப் பெற்றோர்க்குப் பிறந்த பால் பிராண்டு, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு இரணவைத்தியராக வந்தார். தொழுநோயே விரல்களை அழுகி விழச் செய்கின்றதென்று பலரும் நம்பிய காலம் அது.

ஒருநாள், தம்மால் திறக்கவியலாத துருவேறிய பூட்டை நோயுற்ற சிறுவனொருவன் எளிதில் திறக்கக் கண்டார். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனோ அதனை உணர்ந்திலன். நோய் உணர்ச்சியைக் கவர்கின்றது. பேணாத காயமும் அதிற்புகும் கிருமியுமே அங்கத்தை அழிக்கின்றன என்று ஆராய்ந்து தெளிந்தார்.

ஆதலின், புண்பட்ட பாதத்தை மாக்கட்டிட்டு ஆற்றினார். தசைநாண்களை இடமாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். மெல்லிய ரப்பர் அடியிட்ட பாதரட்சைகளை அணிவித்தார். ஆம்பூர், வேலூர்ப் பகுதியினர் பாதரட்சையை வாணிபப் பொருளாக அறிவர். அவரோ அதனை மருந்தாக்கினார்.

2003-இல் அவர் காலமானார். நாம் வெறுக்கும் வலி நம் உடலின் காவலன் என்பதே அவர் வாழ்வு நமக்குணர்த்தும் பாடமாம்.