இருதயத்திற்கு எழுத்தளித்த வில்லெம் ஐன்தோவன்

நம் காலனியில் முதியோர் இருக்கும் வீடுகளில், மேசை இழுப்பறையிலோ இரும்பு அலமாரியிலோ, கட்டமிட்ட இளஞ்சிவப்புத் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அதில் சிறு மேடும் கூரிய முடியும் மீண்டும் ஒரு மேடுமாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்கும். அதுவே ஈ.ஸி.ஜி. எனப்படும் இருதய மின்பதிவு. மருத்துவர் அதனைக் கண்ணோட்டமாகப் பார்த்து ஏதோ கூறுகிறார். நாமும் தலையசைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். அந்தக் கோட்டின் மேடு பள்ளங்களுக்குப் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டவர் யார், அதனை வரையும் கருவியை ஆக்குவதற்கு அவர் பட்ட பாடு என்ன என்பதை அறிந்தவர் நம்மில் சிலரே. ஆகவே இம்மலரில் அப்பெரியார் வில்லெம் ஐன்தோவனின் வரலாற்றை எழுத முற்பட்டோம்.

அவர் டச்சுக்காரர், ஆயினும் பிறந்தது ஹாலந்தில் அன்று. அந்நாளில் டச்சு ஆட்சியில் இருந்த ஜாவாத் தீவில், செமராங் என்னும் துறைமுக நகரில், 1860-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அங்கே மருத்துவர். மைந்தனுக்கு ஆறு வயது நிரம்பிய 1866-ஆம் ஆண்டிலேயே தந்தையார் காலமானார். விதவையான தாயார் 1870-இல் ஆறு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்து, ஹாலந்தில் உத்ரெக்ட் நகரில் குடியேறினார். உற்றார் உறவினரை விட்டு வேற்றூரில் குடும்பம் நடத்தும் நம்மவர்க்கு அப்பயணத்தின் பாரம் எத்தகையது என்று சொல்ல வேண்டுவதில்லை.

உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் மருத்துவம் பயின்றது அரசாங்கத்தின் உதவிப் பணத்தால். படிப்பு முடிந்ததும் கிழக்கிந்தியத் தீவுகளில் இராணுவ மருத்துவராகப் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். உடற்பயிற்சியிலும் படகு வலிப்பதிலும் அவருக்குப் பேரார்வம். ஒருமுறை பயிற்சியின்போது விழுந்து மணிக்கட்டு முறிந்தது. வேறொருவராயின் கட்டுப் போட்டுக்கொண்டு நொந்துகொண்டிருப்பார். இவரோ முன்கை எவ்வாறு திரும்புகிறது, முழங்கை மூட்டு அதற்கு எவ்வாறு இடங்கொடுக்கிறது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். 1885-இல் டாக்டர் பட்டம் பெற்றார். உடனே லெய்டன் பல்கலைக்கழகம் அவரை உடலியங்கியல் பேராசிரியராக அழைத்தது. அப்போது வயது இருபத்தைந்து. இராணுவப் பணிக்குச் செல்லாமையால் படிப்பிற்குப் பெற்ற பணத்தைத் திருப்பிச் செலுத்தும் கடமை அவர் தலைமேல் விழுந்தது, அதனையும் ஏற்றுக்கொண்டார். இறுதிவரை லெய்டனிலேயே இருந்தார்.

அக்காலத்தில் இருதய நோயை அறிய மருத்துவர்க்கு இருந்த வழிகள் மிகச் சில. மார்பில் குழல் வைத்துக் கேட்பது ஒன்று. மணிக்கட்டில் நாடி பார்ப்பது மற்றொன்று. நாடி பார்ப்பது நம்மவர்க்குப் புதிதன்று. மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், சேத்துமம் என்று பிரித்தறிந்த சித்த வைத்தியர்களின் வழி வந்தவர்கள் நாம். ஆயினும், விரல் எவ்வளவு தேர்ந்ததாயினும் அது உணர்வது இருதயம் செய்து முடித்த வேலையின் விளைவை மட்டுமே. நாடி தாறுமாறாக ஓடுகிறது என்று விரல் கூறும். இருதயத்தின் எந்த அறையில், எந்த வழியில் கோளாறு என்று கூறமாட்டாது. தாறுமாறான நாடியுள்ளவர் பத்துப் பேர் வந்தால், அஞ்ச வேண்டியவர் யார், அச்சமின்றி வீடு திரும்ப வேண்டியவர் யார் என்று ஐயமறப் பிரிக்க வழியில்லாதிருந்தது.

இருதயம் துடிக்கும்போது மிகச் சிறு மின்சாரம் எழுகிறது என்பதைத் தவளையின் இருதயத்தில் 1856-ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தனர். மனித உடலைத் திறவாமலே அம்மின்சாரத்தைப் புறத்திலிருந்து பதிவு செய்து காட்டியவர் லண்டனில் இருந்த அகஸ்டஸ் வாலர், ஆண்டு 1887. அவர் ஜிம்மி என்னும் தம் நாயை உப்பு நீரில் கால் வைத்து நிற்கச் செய்து, அதன் இருதயத் துடிப்பைப் பலர் முன்னிலையில் காட்டுவது வழக்கம். நாய் சிறிதும் துன்புறவில்லை. ஆயினும் 1909-இல் ஜிம்மியைக் குறித்துப் பிரிட்டிஷ் பார்லிமெண்டிலேயே கேள்வி எழுந்தது! ஐன்தோவன் வாலரின் செயல்முறையை 1889-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய உடலியங்கியலாளர் மாநாட்டில் நேரில் கண்டார். வாலர் அதனை நோயறியும் வழியாகப் பெரிதும் கருதவில்லை. ஐன்தோவனோ அதனை விட்டபாடில்லை.

வாலர் கையாண்ட கருவி, நுண்ணிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பியது. மின்சாரம் பாயுந்தோறும் பாதரசம் ஏறி இறங்கும். அதன் நிழலைப் படமெடுப்பர். ஆனால் பாதரசம் பாரமுள்ள பொருள் அன்றோ? இருதயத்தின் விரைவுக்கு அது ஈடு கொடுக்காது. வரைந்த கோடு மழுங்கிப்போகும். போதாக்குறைக்கு, லெய்டனில் அவருடைய ஆய்வுக்கூடம் கல் பரவிய தெருவை ஒட்டியிருந்தது. குதிரை வண்டி ஒன்று கடகடவென்று சென்றால் கட்டடம் அதிரும், பாதரசமும் ஆடும். தரையைத் தோண்டிக் கற்களை நிரப்பிப் பார்த்தார், அதிர்ச்சி அடங்கவில்லை. பிறகு அவர் சென்ற வழி கணிதம். கருவி எவ்வளவு பிந்துகிறது என்பதைக் கணக்கிட்டு, மழுங்கிய கோட்டிலிருந்து உண்மையான கோட்டை வருவித்தார். கருவி வரைந்ததற்கு ஏ, பி, ஸி, டி என்னும் எழுத்துக்களும், கணக்கால் திருத்தியதற்குப் பி, க்யூ, ஆர், எஸ், டி என்னும் எழுத்துக்களும் இட்டார். 1895-இல் அவர் இட்ட இவ்வைந்து எழுத்துக்களையே இன்றும் உலகமெங்கும் மருத்துவர் வழங்கி வருகின்றனர்.

ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் நாட்கணக்கில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க இயலுமா? திருத்த வேண்டாத கருவியையே ஆக்கிவிடத் துணிந்தார். குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லை உருக்கி, அவ்வுருகலை அம்பின் முனையில் ஒட்டி வில்லால் எய்தால், அம்பின் பின்னே மிக நுண்ணிய இழை ஒன்று நீளும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே பருமனுள்ள அவ்விழைக்கு வெள்ளிப்பூச்சு இட்டு, வலிமை மிக்க மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே, வீணைத் தந்தியைப் போலக் கட்டினார். இருதயத்தின் மின்சாரம் இழையில் பாயும்போது இழை அசையும். அதன் நிழல் உருப்பெருக்கியின் வழியாகச் சென்று, நகரும் புகைப்படத் தகட்டில் கோடாக விழும். கைவிளக்கில் இடும் சிறு மின்கலத்தின் அழுத்தம் ஒன்றரை வோல்ட். உடலின் மேற்புறத்தில் கிடைக்கும் இருதய மின்சாரமோ ஒரு வோல்ட்டில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அத்தனை சிறியதற்கு அசையும் பொருள் அத்தனை இலேசாக இருந்தாக வேண்டும். கடலடித் தந்திச் செய்திகளுக்கென்று பிரான்ஸ் நாட்டுக் கிளெமான் அடேர் இதனையொத்த கருவி ஒன்றை 1897-இல் செய்திருந்தார்; ஐன்தோவனின் கருவி அதனினும் பன்மடங்கு நுட்பமானது.

1901-இல் இக்கருவியைப் பற்றி முதலில் எழுதினார். இழை ஒன்றுமில்லாத இலேசு; அதனைத் தாங்கிய கருவியோ ஏறத்தாழ 270 கிலோ எடை! இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டு, காந்தம் சூடேறாமல் தண்ணீர் ஓட, ஐவர் நின்று இயக்க வேண்டியதாயிருந்தது. நோயாளி இரு கைகளையும் இடது காலையும் உப்பு நீர் நிறைந்த பாத்திரங்களில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். இக்காலத்தில் ஈ.ஸி.ஜி. எடுக்கும்போது மணிக்கட்டிலும் கணுக்காலிலும் பட்டைகளை மாட்டுகிறார்களே, அவை அப்பாத்திரங்களின் வழித்தோன்றல்களே. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓட வேண்டும், வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கோடு 10 மில்லிமீட்டர் உயர வேண்டும் என்று அவர் வகுத்த அளவும் மாறவில்லை. வீட்டிலுள்ள பழைய தாளை எடுத்துப் பார்ப்போர் அந்த அளவு ஓரத்தில் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

இத்தகைய பாரமுள்ள கருவியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாது. நோயாளிகளை ஆய்வுக்கூடத்திற்குத் தூக்கி வருவதும் தகாது. ஆகவே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக இருதயத்தின் மின்சாரத்தை ஆய்வுக்கூடத்திற்கு வரவழைத்தார்! 1905-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் முதற்பதிவு எடுக்கப்பட்டது. அது நோயற்ற, திடகாத்திரமான ஒருவருடையது.

நோயாளிகளின் பதிவுகளை 1906-இலும் 1908-இலும் வெளியிட்டார். விரலுக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரிந்தது அப்போதுதான். அதனைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். பி என்னும் சிறு மேடு இருதயத்தின் மேலறைகள் தூண்டப்படுவதைக் காட்டுவது. க்யூ, ஆர், எஸ் மூன்றும் சேர்ந்த கூரிய பகுதி கீழறைகளுடையது. இறுதியிலுள்ள டி, கீழறைகள் அடுத்த துடிப்பிற்கு ஆயத்தமாவதைக் குறிப்பது. மேலறையில் எழும் தூண்டுதல் கீழறைக்குச் செல்லும் வழியில் சற்றே தாமதிக்கும். அத்தாமதம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது. இவ்வளவு தெரிந்துகொண்டால் தாறுமாறான நாடி ஒன்றல்ல, பல என்பது விளங்கும்.

முதலாவது, முறைக்கு முந்தி வரும் துடிப்பு. இடையே ஒரு துடிப்பு அவசரமாக வந்துவிட, அடுத்தது சற்றுப் பிந்தும். நெஞ்சில் ஏதோ தவறிற்று என்று உள்ளம் பதறும். இருதயம் நலமாயுள்ளவர்க்கு இது பெரும்பாலும் தீங்கற்றது. தூக்கமின்மை, அளவுமீறிய காப்பி போன்றவற்றால் மிகுவதும் உண்டு. மற்றொன்று, மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுநடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. தாளில் பி என்னும் மேடே இராது. கீழறைத் துடிப்புகளின் இடைவெளி ஒன்றுபோல் ஒன்று இராது. ஐன்தோவன் பதிவு செய்த இதன் உண்மைத் தன்மையை 1909-இல் லண்டனில் தாமஸ் லூயிஸும் வியன்னாவில் வேறிருவரும் தெளிவாக்கினர். நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கி உறையலாம். அவ்வுறைவு மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம் நேரும். எனவே இந்நோயாளிகளில் பலருக்கு இரத்தம் உறையாதிருக்க மருந்து தருகின்றனர். துடிப்பின் வேகத்தைக் குறைக்கவும் மருந்துண்டு. கோளாறு எழும் இடத்தைக் குழாய் செலுத்திச் சுட்டு அடக்கும் முறையும் இன்று உண்டு.

மூன்றாவது, வழி அடைபடுதல். மேலறையின் தூண்டுதல் கீழறைக்குச் செல்லாது. கீழறை தன்போக்கில் நிமிடத்திற்கு முப்பது நாற்பது முறையே துடிக்கும். இத்தகையோர் திடீரென மயங்கி விழுவர். உயிர் போவதும் உண்டு. ஐன்தோவன் இதனைத் தெளிவாகப் படம் பிடித்துக் காட்டினார். தீர்க்கும் வழி அவர் நாளில் இல்லை. துடிப்பூட்டும் சிறு கருவியை உடலினுள்ளே முழுமையாகப் பதிக்கும் முதற் சிகிச்சை 1958-இல் ஸ்டாக்ஹோம் நகரில் நடைபெற்றது. இன்று பேஸ்மேக்கர் என்னும் அப்பெயர் நம் வீடுகளிலும் பழகிய சொல்லாகிவிட்டது.

இங்கே ஒன்று கூறியாக வேண்டும். ஒரு நாள் எடுத்த ஈ.ஸி.ஜி. நன்றாயிருந்தது என்று எவரும் மெத்தனமாக இருந்துவிடலாகாது. வந்து வந்து மறையும் கோளாறு அந்தச் சில நொடிகளில் தலைகாட்டாது ஒளிந்துகொள்ளும். அதற்கென்றே நாள் முழுவதும் பதிவு செய்யும் சிறு கருவியை உடலில் கட்டியனுப்புகின்றனர். மாரடைப்பின் தொடக்கத்திலும் தாள் மாறாதிருக்கக் கூடும். மீண்டும் எடுத்தும், இரத்தத்தைச் சோதித்துமே முடிவு செய்வர். மார்பில் அழுத்தும் வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் கொட்டினால், வாயுவென்று சொல்லிக்கொண்டு சீரகக் கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல் அந்தக் கணமே மருத்துவமனைக்கு விரைவதே தக்கது.

ஐன்தோவன் நோயாளிக்கு மருந்து கொடுத்துப் புகழ் பெற்றவர் அல்லர்; அளப்பதில் பிழை பொறாதவர். அளந்ததைக் கொண்டு குணப்படுத்தும் வேலையை மற்றவர்க்கு விட்டுவிட்டார். லூயிஸ் அவருக்குப் பின்னால் மருத்துவத் துறையில் இக்கருவியைப் பரப்பினார். ஐன்தோவன் அதில் பொறாமை கொள்ளவில்லை, மகிழவே செய்தார். சார்லஸ் டார்வினின் மைந்தர் ஹோரஸ் டார்வின் தொடங்கிய கேம்பிரிட்ஜ் நிறுவனம் கருவியைச் சிறிதாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது.

1924-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அச்செய்தி வந்தபோது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். பரிசுப் பணம் கைக்கு வந்ததும் அவர் எண்ணம் வான் டெர் வோர்ட் என்பவரிடம் சென்றது. அவர் ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டு உடனிருந்து, பெருங்கருவியை உருவாக்கக் கை கொடுத்த உதவியாளர். பரிசு வருமுன்பே இறந்துவிட்டார். அவருக்குச் சகோதரிகள் இருவர் இருந்தனர். அவர்கள் வறியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்து வருவதைத் தேடி அறிந்து, பரிசுப் பணத்தில் பாதியை அவர்களுக்கே கொடுத்துவிட்டார். விஞ்ஞானிகளின் வரலாறுகளில் இத்தகைய செய்தியை நாம் அதிகம் படித்ததில்லை.

அவருடைய மைந்தரும் வில்லெம் என்னும் பெயருடைய பொறியியலாளர். தந்தையாரின் அதே நுண்ணிழையைக் கொண்டு, ஜாவாவுக்கும் ஹாலந்துக்கும் இடையே வானொலிச் செய்திகளை வாங்கும் முயற்சியில் தந்தையும் மகனும் சேர்ந்து உழைத்தனர். சிறுவனாய்த் தாயின் கைப்பிடித்துக் கப்பலேறி விட்டுவந்த தீவிலிருந்து செய்தி வாங்க அவ்விழை பயன்பட்டது. 1927-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அறுபத்தேழாம் வயதில் லெய்டனில் ஐன்தோவன் காலமானார். அந்நகரை அடுத்த ஊக்ஸ்ட்கேஸ்ட் என்னும் சிற்றூரின் தேவாலய முற்றத்தில் அவர் கல்லறை இருக்கிறது.