ஏழைக்கு எட்டிய மருந்து!
இலங்கை டாக்டர் சேனக பிபிலேயின் வாழ்க்கை

டாக்டர் நோயைப் பார்த்து, மருந்துச் சீட்டு எழுதித் தருகிறார். காசு வாங்கவில்லை. ஆனால் கடையில் மருந்தின் விலையைக் கேட்டதும் ஏழைத் தாய் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்புகிறாள். வைத்தியம் இலவசம், மருந்தோ எட்டாத உயரத்தில்! இதனால் என்ன பயன்?

இந்தக் குறையைத் தீர்க்கப் பாடுபட்டவர்தான் சேனக பிபிலே.

அவர் 1920-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி செல்வக் குடும்பத்தில் பிறந்தார். கண்டியிலும் கொழும்பிலும் படித்து டாக்டர் ஆனார். எடின்பரோவில் உயர் பட்டம் பெற்றார். 1958-ல் கொழும்பில் மருந்தியல் பேராசிரியர் ஆனார்.

ஒரே மருந்து, பல பெயர்!

பிபிலே ஓர் உண்மையைக் கண்டார். ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்றன. உள்ளே இருப்பது ஒன்றுதான். விலைதான் வேறு வேறு! பெயருக்காகவும் விளம்பரத்துக்காகவும் ஏழை பணம் கொடுத்தான்.

1971-ல் அவரும் டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார்கள். அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. பிபிலே அதன் முதல் தலைவர்.

அவர் செய்தது என்ன? தனியார் கடைகளுக்கு வந்த சுமார் 2,100 மருந்துகளை அலசி, தேவையான சுமார் 600-ஐ மட்டும் வைத்துக்கொண்டார். கம்பெனிப் பெயரை விட்டு, மருந்தின் பொதுப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உலகம் முழுவதும் டெண்டர் கேட்டு, மலிவாக வந்ததை நாட்டுக்கே மொத்தமாக வாங்கினார். விலை இறங்கியது!

எதிர்ப்பும் வெற்றியும்

வெளிநாட்டுக் கம்பெனிகள் எதிர்த்தன. மலிவு மருந்து நல்ல மருந்தா என்று சில டாக்டர்களே சந்தேகப்பட்டார்கள். பிபிலே அசையவில்லை.

1977-ல் ஆட்சி மாறியது. தனியார் இறக்குமதி மீண்டும் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி, தென் அமெரிக்காவில் உள்ள கயானாவில் பிபிலே காலமானார். அவருக்கு வயது 57.

ஆனால் அவர் வழி மறையவில்லை. உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டில்தான் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டது. அவர் தொடங்கிய கூட்டுத்தாபனத்தின் 'ஒசுசல' மருந்துக் கடைகள் இலங்கையில் இன்றும் நடக்கின்றன.

சீட்டு எழுதுவதோடு டாக்டரின் வேலை முடிவதில்லை. மருந்து நோயாளியின் கைக்குப் போய்ச் சேரவேண்டும். பிபிலேயின் வாழ்க்கை சொல்லும் பாடம் இதுவே!