குழந்தையோடு கடல் கடந்த விஞ்ஞானி: அசீமா சட்டர்ஜி அம்மையார்

யாழ்ப்பாணத்தின் மணற் பூமியெங்கும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவை நாம் பெரிதாகக் கணிப்பதில்லை. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தரும் செடி அது. அதிலுள்ள அல்கலோயிட்டுகளை நீண்டகாலம் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் வங்காளத்து அசீமா சட்டர்ஜி அம்மையார்.

1917இல் கல்கத்தாவில் பிறந்தார். வைத்தியரான தந்தையாருக்குத் தாவரங்களில் இருந்த ஈடுபாடு மகளையும் பற்றிக்கொண்டது. 1940இல் லேடி பிரபோர்ன் கல்லூரியில் இரசாயனவியற் பகுதியைத் தொடக்கி அதன் தலைவரானார். 1944இல் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண்மணி என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு திருமணம். கணவரும் இரசாயனவியலாளரே.

1947இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பு வந்தது. கையிலோ பதினொரு மாதப் பெண் குழந்தை. அக்காலத்தில் இந்நிலையில் ஒரு பெண்ணுக்கு இரண்டு வழிகள்தான் சொல்லப்பட்டிருக்கும்: பயணத்தைக் கைவிடுவது, அல்லது பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுச் செல்வது. அம்மையார் இரண்டையும் செய்யவில்லை. குழந்தையையும் ஒரு தாதியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். விஸ்கொன்சினிலிருந்து கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவகம், பின்னர் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் நோபல் பரிசாளர் போல் கரரின் ஆய்வுகூடம். குழந்தை நடை பழகும் பருவம் அந்நிய நாட்டிலேயே கழிந்தது. 1950இல் ஊர் திரும்பினார்கள்.

அந்தத் தாதிக்கும் இந்த விஞ்ஞானத்தில் பங்குண்டு. துணைக்கு ஆள் வைக்க வசதியில்லாமல் படிப்பை மூடிவைத்த கெட்டிக்காரிகள் நம் வகுப்புகளிலும் இருந்தார்கள் அல்லவா?

1961இல் பட்நாகர் பரிசு பெற்ற முதற் பெண்மணி ஆனார். மறு ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கைரா பேராசிரியர் பதவி கிடைத்தது. நாம் கறிக்கு ஆயும் ஆரைக்கீரையின் இனத்திலிருந்து வலிப்பு நோய்க்கு மருந்து கண்டது அவருடைய குழு.

1967இல் தந்தையாரும் கணவரும் நான்கு மாத இடைவெளியில் அடுத்தடுத்து மறைந்தனர். அவரும் நோயிற் படுத்தார். சில மாதங்களில் எழுந்து ஆய்வுகூடத்துக்கே திரும்பினார். 1975இல் இந்திய விஞ்ஞான காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்ணும் அவரே.

2006இல் காலமானார். பதினொரு மாதத்தில் அவர் தூக்கிச் சென்ற அந்த மகளும் இரசாயனவியலையே படித்துப் பேராசிரியராகி, தாயாரோடு சேர்ந்து ஆய்வுகள் செய்தார்.