கட்டுவதற்கு எளிதான கப்பல்: ஹென்றி கைசரின் கதை

பேராக் மாநிலத்தின் லுமுட் கடற்படைத் தளத்தில் நிற்கும் போர்க்கப்பல்களின் பீரங்கியையும் வேகத்தையும் பலரும் வியப்பதுண்டு. அவற்றைக் கட்டுவது எளிதா, கடினமா என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்டுப் புகழ்பெற்றவர் ஹென்றி கைசர்.

1882இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் எளிய குடும்பத்தில் பிறந்த கைசர், 13 வயதில் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றார். புகைப்படக் கடை நடத்தினார், சாலைகள் போட்டார், ஹூவர் அணையைக் கட்டிய கூட்டு நிறுவனத்தில் பங்கேற்றார். கப்பல் கட்டும் தொழிலுக்கு அவர் வந்தது 55 வயதைக் கடந்த பிறகுதான்.

இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் மூழ்கிய வேகத்துக்குப் புதியவற்றைக் கட்ட முடியவில்லை. அதுவரை ஒரே இடத்தில் தகடு தகடாக அடுக்கி, ரிவெட் அடித்துக் கட்டுவதே வழக்கம். கைசரின் தளங்களில் கப்பல் பெரிய துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. துண்டுகள் தனித்தனியே வெல்டிங் செய்யப்பட்டு, பாரந்தூக்கியால் கொண்டுவந்து பொருத்தப்பட்டன. சில துண்டுகளைத் தலைகீழாக வைத்துக் கட்டியதால், அண்ணாந்தபடி வெல்டிங் செய்யும் சிரமம் குறைந்தது. முன் அனுபவமே இல்லாத ஆண்களும் பெண்களும் குறுகிய காலப் பயிற்சியில் வேலையைக் கற்றனர்.

1942இல், சிறிய விமானந்தாங்கிக் கப்பல்களையும் இவ்வாறே கட்டித் தருவதாகக் கைசர் சொன்னார். கடற்படை அதிகாரிகள் மறுத்தனர். அவர் அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் சென்று ஒப்புதல் பெற்றார். டர்பைன்களுக்குத் தட்டுப்பாடு நிலவியதால், எளிதில் கிடைத்த பழைய வகை நீராவி இயந்திரங்கள் தேர்வாயின. 1943 ஜூலை 8 முதல் 1944 ஜூலை 8 வரை, ஓராண்டில் 50 கப்பல்கள் கடற்படையில் சேர்ந்தன.

ஆனால், வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 1943 ஜனவரியில், அவரது தளத்தில் கட்டிய எண்ணெய்க் கப்பல் ‘ஷெனக்டடி’, குளிர் இரவில், அலையில்லாத நீரில் நின்றபடியே பிளந்தது. முதலில் பழி வெல்டிங்மேல் விழுந்தது. குளிரில் அந்த வகை எஃகு கண்ணாடிபோல் உடையக்கூடியதாகிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் பின்னர் விளக்கினார். ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் பெரும்பாலும் ஒரு தகட்டோடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பலிலோ தடையின்றி ஓடும்.

கைசர் 1967இல் மறைந்தார். துண்டுகளாகக் கட்டும் முறை இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. ஈப்போ உங்கு ஓமார் பொலிடெக்னிக்கில் கடல்சார் பொறியியல் பயிலும் மாணவர்களுக்கு அவரது வாழ்க்கை இரண்டு பாடங்களைத் தருகிறது: வேலையின் சுமையை வரைபடத்திலேயே குறைக்க வேண்டும், பயன்படுத்தும் பொருளின் குணத்தையும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.