கண்ணீரை மருத்துவமனையாக்கிய முத்துலெட்சுமி



நம் பங்குகளில் தாய்மைப்பேறு அடையும் சகோதரிகள் பலர் அரசின் உதவித்தொகை பெறுகிறார்கள். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்பது அதன் பெயர். அந்தப் பெயரைப் படிவத்தில் எழுதும் நாம், அந்த அம்மையார் யார் என்று அறிந்திருக்கிறோமா? அவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும், நோயாளரைத் தேடிச் சென்ற ஆண்டவரைப் பின்பற்றும் நாம் அவருடைய வாழ்விலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பனியன் தொழிலை நம்பி வாழும் நம் திருப்பூர் மக்களுக்கு அது மிகவும் தேவையான பாடம்.

முத்துலெட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், அன்றைய சமூகம் இழிவாகப் பார்த்த தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் ஒரு பெண் சேருவதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னரே முன்வந்து அனுமதி அளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவரானார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1927இல் சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். இவையெல்லாம் பள்ளிப் புத்தகங்களில் உள்ளவை. அவருடைய நெஞ்சில் ஆறாத காயமாக இருந்தது வேறொன்று.

அவருக்குச் சுந்தராம்பாள் என்றொரு தங்கை. 1920களின் தொடக்கத்தில் இந்த இளம்பெண் நோயுற்றார். வயிற்றுக்கடுப்பு என்றே முதலில் நினைத்தார்கள். அதற்கே மருந்தும் கொடுத்தார்கள். உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்காள் மருத்துவர், அத்தான் மருத்துவர். அப்படிப்பட்ட வீட்டிலேயே நோயின் பெயர் தெரிவதற்குள் ஓர் உயிர் கைநழுவிப் போனது. தங்கையின் வேதனையை அருகிலிருந்து பார்த்த அந்த அக்காளின் நிலையை நாம் சற்று எண்ணிப் பார்ப்போம்.

அந்தத் துயரத்தோடு அவர் ஒடுங்கிவிடவில்லை. மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோது, லண்டனில் புற்றுநோய்க்கென்றே இயங்கிய மருத்துவமனையைக் கண்டார். நம் நாட்டிலும் இப்படி ஒன்று வேண்டும் என்ற தாகம் உண்டாயிற்று. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் அந்த விருப்பத்தை வெளிப்படையாக அறிவித்தார். சாகப்போகிறவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்த காலம் அது. அவர் சோர்ந்துவிடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள், சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் நாடே போற்றிய டாக்டர் சாந்தாவும் அதைத் தாங்கி வளர்த்தார்கள்.

தங்கையைப் பறிகொடுத்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆன பிறகு, தம் 67ஆம் வயதில் அவர் கண்ட பலன் இது. 1968 ஜூலை 22ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி இன்றும் அங்கே நோயாளர்கள் சிகிச்சை பெறுகிறார்கள்.

மாற்கு நற்செய்தியில் பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் துன்புற்ற ஒரு பெண்ணைச் சந்திக்கிறோம். மருத்துவர் பலரிடம் சென்று சொத்தையெல்லாம் செலவழித்தும் குணம் பெறாதவர். வெட்கத்தோடும் அச்சத்தோடும் கூட்டத்தில் மறைந்து வந்து, ஆண்டவரின் ஆடையைத் தொட்டார். அவர் மறைந்தே போய்விடும்படி ஆண்டவர் விடவில்லை. நடந்ததை எல்லார் முன்பாகவும் சொல்ல வைத்து, மகளே என்று அன்போடு அழைத்து அனுப்பினார். உடலில் நேர்ந்ததை வாய்விட்டுச் சொல்லுவது அந்தப் பெண்ணுக்கு அவமானமாக முடியவில்லை.

நம் ஊரில் நிலைமை என்ன? ஓவர்லாக் மெஷினில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவருக்கும், அயர்னிங் மேசையில் நின்றபடியே வேலை செய்பவருக்கும் மலத்தில் இரத்தம் தென்பட்டால், உடல் சூடு என்கிறோம், மூலம் என்கிறோம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். ஒரு நாள் லீவு போட்டால் சனிக்கிழமைச் சம்பளத்தில் குறையுமே என்று தள்ளிப்போடுகிறோம். பெண்களோ வீட்டில்கூடச் சொல்லுவதில்லை. பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர் அல்லவா? சுந்தராம்பாளின் நோயையும் முதலில் சாதாரணமானதாகத்தானே எண்ணினார்கள்!

பெருங்குடல் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கி, பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே புற்றாக மாறுகிறது. அந்த இடைக்காலத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியக்கூடும். மலத்தில் சிறிதளவு எடுத்து ஆய்வகத்தில் கொடுத்தால், மறைந்துள்ள அந்த இரத்தத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இதில் பழைய முறைச் சோதனைக்கு உணவுக் கட்டுப்பாடு தேவைப்பட்டது. இறைச்சி உண்டாலும் முடிவு மாறிவிடும். புதிய முறை மனித இரத்தத்தை மட்டுமே இனங்காண்பதால் அந்தச் சிரமம் இல்லை.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1993இல் வெளியானது. ஆண்டுதோறும் இச்சோதனை செய்துகொண்டவர்களிடையே இந்நோயால் ஏற்படும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

நமக்கு இது புரியாத செய்தி அல்ல. சாயப்பட்டறையில் ஒரு துண்டுத் துணியைச் சோதித்து முழு லாட்டின் நிறத்தை அறிகிறோம். நன்றாகத் தெரியும் பனியனையும் செக்கிங் மேசையில் விரித்துப் பார்த்த பிறகே பேக்கிங்குக்கு அனுப்புகிறோம். துணிக்குக் காட்டும் கவனத்தை உடலுக்கும் காட்ட வேண்டாமா?

இச்சோதனையில் இரத்தம் இருப்பதாக வந்தால் புற்றுநோய் என்று பொருளல்ல. கொலோனோஸ்கோபி மூலம் குடலைப் பார்க்க வேண்டும் என்பதே பொருள். பாலிப் இருந்தால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடலாம். இல்லை என்று வந்தாலும் ஒருமுறையோடு விட்டுவிடக் கூடாது. கண்ணுக்கே தெரியும்படி இரத்தம் போகிறவர்கள், மலம் கழிக்கும் வழக்கம் மாறியவர்கள், காரணமின்றி எடை குறைகிறவர்கள் இச்சோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் பொதுப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் இடம்பெற்றுள்ளன. குடல் புற்றுநோய் இடம்பெறவில்லை. எனவே 45, 50 வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இந்நோய் உள்ள இளையோரும் தாங்களாகவே மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.

1992 ஜூலையில், புனித திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தாம் மருத்துவமனைக்குச் செல்லவிருப்பதை மூவேளைச் செபத்திற்குக் கூடிய மக்களிடம் தாமே அறிவித்துச் செபிக்கும்படி கேட்டார். அவருடைய பெருங்குடலில் இருந்த கட்டி அகற்றப்பட்டது. அதன் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் திரு அவையை வழிநடத்தினார். உலகமே வணங்கிய ஒருவர் வெளிப்படையாகப் பேசியதை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

அன்பியக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசுவோம். பங்கில் நடக்கும் மருத்துவ முகாம்களில் இச்சோதனையையும் சேர்க்கும்படி கேட்போம். வேதனையை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் நம் வீட்டுத் தாயிடம், தந்தையிடம் இன்றே விசாரிப்போம். வரமாட்டேன் என்றால் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம்.

தம் வீட்டுக் கண்ணீரைப் பிறர் வீட்டு நம்பிக்கையாக மாற்றினார் முத்துலெட்சுமி. தம் ஆடையைத் தொட்ட பெண்ணைத் தேடிய ஆண்டவர், நோயை மறைத்துத் துன்புறும் நம் சகோதர சகோதரிகளுக்குப் பேசும் துணிவையும், நமக்குக் கேட்கும் செவியையும் தந்தருள்வாராக.